குளிர்காலப் பணியிடத் தீ: தனி ஹீட்டர்களைத் தடை செய்தால் போதுமா?

அலுவலக நிர்வாகி:

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் நிறுவனத்தில் முன்புறம் அலுவலகமும், அதை ஒட்டிக் கிடங்கும், பின்கட்டில் ஒரு சிறிய பழுதுபார்க்கும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. குளிர்காலம் தொடங்கிவிட்டதால், தீ விபத்துத் தடுப்பு குறித்த சுற்றறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஊழியர்கள் சொந்தமாகக் கொண்டுவரும் ஹீட்டர்களை அடியோடு தடை செய்துவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் கருத்து.

அந்தத் தடையை எழுதுவதற்கு முன் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் ஒருவரின் மேசைக்கு அடியில், காகிதம் நிறைந்த குப்பைக் கூடைக்கும் நாற்காலியில் தொங்கிய கம்பளிச் சால்வைக்கும் நடுவே, ஒரு சிறிய ஃபேன் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கணினியும் பிரின்டரும் செருகப்பட்டிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் அதன் பிளக்கும் இருந்தது. தொட்டுப் பார்த்தபோது விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அதே இடத்தில் சற்று நேரம் நின்றதிலேயே, ஜன்னல் இடுக்கு வழியாக வரும் காற்று கணுக்காலில் படுவதையும் உணர முடிந்தது. ஹீட்டரை எடுத்துவிடுவது எளிது. அந்தக் குளிருக்கு என்ன செய்வது என்பதற்கு நிர்வாகம் தந்த வரைவில் ஒரு வரி கூட இல்லை.

தடை மட்டும் போதுமா? கிடங்கிலும் பட்டறையிலும் குளிர்காலத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை எவை? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:

சரியான இடத்தில் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள், அம்மா. குளிர்காலத் தீ விபத்துகளில் பெரும்பாலானவை, மனிதர்கள் குளிருக்கு அஞ்சிச் செய்யும் காரியங்களிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. வெப்பம் தரும் கருவியை உடலுக்கு அருகே இழுத்து வைப்பார்கள். காற்று வரும் வழிகளை அடைப்பார்கள். உறைந்ததை இளக்க நெருப்பைக் காட்டுவார்கள். இந்த மூன்றையும் யாரும் விபத்தை விரும்பிச் செய்வதில்லை. ஆகவே, "ஏன் குளிர்கிறது?" என்று கேட்காமல் போடப்படும் தடை, ஹீட்டரை மேசைக்கு அடியிலிருந்து இன்னும் ஆழமான மறைவிடத்துக்குத்தான் தள்ளும். மேற்பார்வையாளர் வரும் சத்தம் கேட்டவுடன் சூடு தணியாத ஹீட்டரை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது, அது வெளிப்படையாக ஓடிக்கொண்டிருப்பதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

ஹீட்டரைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அடிப்படை விதி. அதன் காரணத்தை விளக்கினால் ஊழியர்கள் மதிப்பார்கள். செந்நிறத்தில் ஒளிரும் கம்பி 500 பாகை செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் இருக்கிறது. காகிதம் தீப்பற்ற அதில் பாதியளவு வெப்பமே போதுமானது. கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அருகில் தொங்கும் துணி, கதிர்வீச்சு வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருந்து, உலர்ந்து, கருகி, பிறகு பற்றிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மின் ஹீட்டரிலிருந்து தொடங்கிய தீயில் 17 பேர் உயிரிழந்தார்கள். நெருப்பு ஒரு வீட்டையும் அதன் முன்னிருந்த நடையையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. தானாக மூடிக்கொள்ள வேண்டிய கதவுகள் மூடாமல் நின்றதால், புகை படிக்கட்டு வழியாக மேல் தளங்களுக்கு ஏறியது. அது குடியிருப்புதான், ஆனால் பாடம் பணியிடத்துக்கும் அப்படியே பொருந்தும். ஹீட்டரைப் பற்றிப் பேசும் சுற்றறிக்கை, கதவுகளைப் பற்றியும் பேச வேண்டும்.


மின் பராமரிப்பாளர்:

அந்தச் சூடான பிளக்கைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இங்கே பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: "மிகைச்சுமை வந்தால் எம்சிபி (மின்பெட்டியில் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடும், எனவே பயமில்லை" என்பதே அது.

2000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். பிளக்கின் ஊசியும் சாக்கெட்டின் பித்தளைப் பற்றும் இறுக்கமாகப் பொருந்தினால் அந்த மின்னோட்டம் எந்தத் தொல்லையும் தராது. பற்று தளர்ந்தோ, கறுத்தோ போய், அந்த இடத்தில் வெறும் அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டால், அங்கே மட்டும் 38 வாட் வெப்பம் வெளியாகும். ஒரு சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள் செருகி நாள் முழுவதும் விட்டுவைப்பதற்குச் சமம் அது. பிளாஸ்டிக் இளகும், பற்று மேலும் தளரும், மின்தடை கூடும், வெப்பமும் கூடும். இவ்வளவும் நடக்கும்போது மொத்த மின்னோட்டம் ஏறவே ஏறாது; சற்றுக் குறையத்தான் செய்யும். எனவே எம்சிபிக்கு எதுவும் தெரியாது. கசிவு மின்னோட்டத்தைக் கண்டறியும் ஆர்சிசிபிக்கும் தெரியாது, ஏனென்றால் மின்சாரம் எங்கும் கசியவில்லை. அந்தப் பிளக் உங்கள் விரலைச் சுட்டது ஒன்றுதான் அங்கே கிடைத்த எச்சரிக்கை. அந்தப் பாக்ஸை இன்றே அகற்றுங்கள். குப்பையில் போடும் முன் வயரை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மீண்டும் பயன்படுத்துவார்கள்.

மிகைச்சுமையிலும் எம்சிபி உடனே விழுவதில்லை. கட்டடங்களில் பயன்படும் 16 ஆம்பியர் எம்சிபி, சர்வதேசத் தரநிலைப்படி, 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கி நிற்க வேண்டும். 23 ஆம்பியரை ஒட்டிப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் துண்டிக்க வேண்டும். அதாவது ஒரே சர்க்கியூட்டில் இரண்டு ஹீட்டர்கள் ஓடினால் எம்சிபி நெடுநேரம் பேசாமல் இருக்கும். சுவருக்குள் இருக்கும் தடித்த வயர் அதைப் பொறுத்துக்கொள்ளும். மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய வயர் பொறுக்காது. சுருள் உருளையில் வரும் நீண்ட வயராக இருந்தால் இன்னும் மோசம்: சுருட்டிய நிலையில் வெப்பம் வெளியேற வழியில்லாததால், முழுவதும் விரித்தால் 13 ஆம்பியர் தாங்கும் உருளை, சுருட்டியிருக்கும்போது 5 ஆம்பியர் அளவுக்கே பாதுகாப்பானது. பெரும்பாலான உருளைகளின் பக்கத்திலேயே இந்த இரண்டு அளவுகளும் அச்சிடப்பட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

சுருங்கச் சொன்னால், ஹீட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் மட்டுமே செருக வேண்டும். அந்தச் சாக்கெட் எந்தச் சர்க்கியூட்டில் இருக்கிறது என்பதை மின்பணியாளர் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும்.


ஆலைப் பாதுகாப்பு அலுவலர்:

மேலே எழுதிய இருவரின் தொழில்நுட்ப விளக்கத்தையும் ஏற்கிறேன். ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. 1 மீட்டர் இடைவெளி, சுவர் சாக்கெட், தனிச் சர்க்கியூட், சாய்ந்தால் தானாக நிற்கும் சுவிட்ச் என்று நிபந்தனைகளை அடுக்கி அனுமதி தந்தால், அந்த நிபந்தனைகளை யார் தினமும் சரிபார்ப்பது? நூறு மேசைகள் உள்ள தளத்தில் அது நடைமுறையில் சாத்தியமில்லை. தடை என்பது எல்லோருக்கும் புரியும், வாதத்துக்கு இடமளிக்காத, ஒரே பார்வையில் மீறல் தெரிந்துவிடும் விதி. தீத் தடுப்பில் எளிய விதிகளே நிலைத்து நிற்கும்.


ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:

ஐயா, எளிய விதி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விதி எளிதாக இருப்பது எழுதுபவருக்கா, கடைப்பிடிப்பவருக்கா என்று பார்க்க வேண்டும். விரல் மரத்துப்போன நிலையில் எட்டு மணி நேரம் தட்டச்சு செய்பவருக்கு உங்கள் தடை எளிதல்ல. ஜன்னல் இடுக்கை அடைத்து, மைய வெப்ப அமைப்பைச் சரிசெய்து, அதன் பின்னும் குளிரும் இடங்களுக்கு நிறுவனமே நல்ல கருவிகளை வாங்கிப் பொருத்தினால், நீங்கள் கேட்கும் தடையை அதன் பிறகு விதிக்கலாம். யாரும் மீற மாட்டார்கள். வரிசைதான் முக்கியம்: முதலில் வெப்பம், பிறகு தடை.


ஆலைப் பாதுகாப்பு அலுவலர்:

அந்த வரிசையை ஏற்கிறேன். அப்படியானால் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு ஹீட்டரும் நிறுவனத்தின் உடைமையாகவும், எண்ணிடப்பட்டதாகவும், ஒரு குறிப்பிட்ட நபரின் பொறுப்பில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். எண் இல்லாத ஹீட்டர் கண்ணில் பட்டால் அது எடுத்துச் செல்லப்படும். ஒளிரும் கம்பியோ ஃபேனோ இல்லாத, எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகையைத் தேர்ந்தெடுத்தால் வெளிப்பரப்பின் வெப்பம் குறைவாக இருக்கும், தூசியை இழுத்துக் கருக்காது. ஆனால் அதன்மேலும் ஈரத் துணியை உலர்த்தக் கூடாது. இதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். ஈரக் கையுறை, தொப்பி, மேலங்கி ஆகியவற்றை உலர்த்தக் காற்றோட்டமான தனி இடம் இல்லாத பணியிடங்களில், அவையெல்லாம் கடைசியில் ஹீட்டர் மீதோ பாய்லர் குழாய் மீதோதான் போய்ச் சேருகின்றன.


வாகனப் பணிமனை மேற்பார்வையாளர்:

பட்டறை பற்றிய கேள்விக்கு என் பதில். குளிர்காலத்தில் பட்டறையின் பெரிய கதவை மூடிவிடுகிறோம். வெளியேற்றும் ஃபேனும் "சூட்டையெல்லாம் வெளியே தள்ளுகிறது" என்று நிறுத்தப்படுகிறது. கோடையில் தானாகவே கலைந்து போயிருக்கும் ஆவி இப்போது உள்ளேயே தங்குகிறது.

குளிரில் பெட்ரோல் ஆவியாகாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ மைனஸ் 43 பாகை. அசிட்டோனுக்கு மைனஸ் 20 பாகை. ஆகவே, நாம் வேலை செய்யக்கூடிய எந்தக் குளிரிலும் அவை பற்றக்கூடிய ஆவியைத் தந்துகொண்டுதான் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து, வாகனத்துக்கு அடியில் வேலை செய்யும் குழியில் தேங்கும். அந்தக் குழிக்குள் கால் குளிர்கிறது என்று ஹீட்டரை இறக்குவதைப்போன்ற ஆபத்து வேறில்லை. பெட்ரோலோ தின்னரோ கையாளும் நேரத்தில் ஃபேன் ஓடியே ஆக வேண்டும். குளிர் தாங்கவில்லையென்றால் அந்த வேலையைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, இடையில் வேறு அறைக்குச் சென்று உடலைச் சூடாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது நிலைமின்சாரம். 0 பாகை குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் வைத்திருக்கும். அதே காற்றை உள்ளே இழுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அது 17 கிராம் வரை வைத்திருக்கக்கூடியதாக மாறிவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது பழைய 5 கிராம்தான். அதாவது ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்த வறட்சியில், நடந்து வந்து கதவுப் பிடியைத் தொட்டாலே விரலில் பொறி பறக்கிறது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும். நம் கையிலிருந்து தாவும் பொறியில் அதைவிட அதிகமாகவே இருக்கும். எனவே ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்குத் தின்னரை மாற்றும்போது, இரண்டும் உலோகக் கலங்களாக இருக்க வேண்டும். இரண்டையும் கம்பியால் பிணைத்து எர்த் செய்ய வேண்டும். மெல்ல ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் ஊற்றும் பழக்கம் ஆண்டு முழுவதும் தவறுதான், குளிர்காலத்தில் அதன் விலை அதிகம்.


கிடங்கு மேலாளர்:

பேட்டரிகளைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான கிடங்குகளில் இப்போது ஃபோர்க்லிஃப்ட்கள் பேட்டரியில்தான் ஓடுகின்றன. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் 4 சதவீதத்தைத் தொட்டாலே ஹைட்ரஜன் பற்றக்கூடிய கலவையாகிவிடும். அது லேசான வாயு என்பதால் கூரையை ஒட்டிச் சேரும். சார்ஜிங் அறையின் மேல் பக்கக் காற்றுத் துவாரத்தை யாராவது அட்டை வைத்து அடைத்திருக்கிறார்களா என்று குளிர்காலத்தில் வாரந்தோறும் ஏறிப் பாருங்கள். அடைத்திருப்பார்கள், கெட்ட எண்ணத்தால் அல்ல, குளிர் காற்று அங்கிருந்துதான் கழுத்தில் இறங்குகிறது என்பதால்.

லித்தியம் அயன் பேட்டரியின் சிக்கல் வேறு விதமானது. 0 பாகைக்குக் கீழே குளிர்ந்த செல்லை சார்ஜ் செய்தால், லித்தியம் எதிர்மின்வாய்க்குள் போகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தப் படிவு வளர்ந்து உள்ளே குறுக்கிணைப்பை (ஷார்ட் சர்க்கியூட்) உண்டாக்கலாம். அதன் விளைவு அன்றே தெரியாமல், வெகு நாள் கழித்து, சாதாரணமாகச் சார்ஜ் ஆகும் ஒரு நேரத்தில் தீயாக வெளிப்படலாம். இரவு முழுவதும் வெளியே நின்ற வண்டியின் பேட்டரியையோ, குளிர்ந்து கிடந்த டிரில் மெஷின் பேட்டரியையோ உள்ளே கொண்டுவந்தவுடன் சார்ஜரில் மாட்டாமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். விரைவாக வர வேண்டும் என்று ஹீட்டரின் முன் வைப்பதும் கூடாது. சார்ஜிங் இடம் வெளியேறும் வழியில் அமையக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீயின் வெப்பம் பட்டால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருக்கும் கட்டடமா உங்களுடையது? இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும் வகையாக இருந்தால், அந்தக் குழாய் ஓடும் ஒவ்வொரு இடமும் 4 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க விடுமுறை நாட்களில் கிடங்கின் வெப்பத்தை முழுவதும் அணைத்துவிடும்போது, யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு மூலையில், பொய்க்கூரைக்கு மேலே, குழாய் உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் பொருத்துகள் பிளக்கின்றன. பிறகு வெள்ளம் வருகிறது, வால்வை மூடுகிறார்கள், பழுது பார்க்கும் ஆள் வர நாளாகிறது, வால்வு மூடியே கிடக்கிறது. ஹீட்டர்கள் மிக அதிகமாக ஓடும் அந்த வாரத்தில் கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்ளர் பாதுகாப்பே இல்லை. வால்வு மூடப்பட்ட நிமிடத்திலிருந்து மீண்டும் திறக்கப்படும்வரை ஒருவர் தீக்காவலாகச் சுற்றி வர வேண்டும். தீயணைப்புத் துறைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தர வேண்டும். வால்விலேயே ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கூரையில் தொங்கவிடும் ஹீட்டரை ஸ்பிரிங்க்ளர் தலைக்கு மிக அருகில் பொருத்தினால், தீ இல்லாமலேயே அது திறந்துகொள்ளும். அந்தத் தலையை அடைத்து நிற்கும் கண்ணாடிக் குப்பிகளில் சாதாரணமாகக் காணப்படும் சிவப்புக் குப்பி 68 பாகையில் உடைவது. தண்ணீர் வகைத் தீயணைப்பான்களையும் உறையும் இடத்தில் வைக்காதீர்கள்.


தச்சுப் பட்டறைக்காரர்:

மரத் தொழிலில் குளிர்காலக் கவலை இரண்டு. முதலாவது, எண்ணெய் துடைத்த துணி. ஆளிவிதை எண்ணெய் போன்று உலரும் தன்மையுள்ள எண்ணெய்கள், காற்றில் உள்ள ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகின்றன. மேசையில் பரப்பிய மெல்லிய பூச்சில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் எறிந்த துணிக் குவியலில் அது போக வழியில்லை. உள்ளுக்குள்ளேயே சூடேறி, சில மணி நேரத்தில், எந்தப் பொறியும் இல்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். குளிர்காலத்தில் பட்டறையை மூடிச் சூடாக்கி வைப்பதால் அந்தக் குவியல் முன்கூட்டியே வெதுவெதுப்பாகத் தொடங்குகிறது. துணியை வெளியில் தனித்தனியாக விரித்து முழுவதும் இறுகும்வரை உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோகத் தொட்டியில் போட்டு, அன்றைய வேலை முடிந்ததும் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். இந்த விபத்து பெரும்பாலும் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகே நடக்கிறது என்பதால் காப்பாற்ற ஆள் இருக்காது.

இரண்டாவது, தூள். குளிரைத் தடுக்கப் பலகையும் தார்ப்பாயும் வைத்து ஒவ்வொன்றையும் மூடும்போது, தூள் பறந்து போகும் வழியையும் மூடிவிடுகிறோம். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் சர்க்கரை ஆலை ஒன்று வெடித்து 14 பேர் இறந்ததை நினைவூட்டுகிறேன். அங்கே குளிர் காரணமல்ல. ஆனால் திறந்திருந்த ஒரு கன்வேயரைச் சுற்றி எஃகுத் தகடுகளால் மூடியது காரணங்களில் ஒன்று. சர்க்கரை தூய்மையாக இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில்தான் மூடினார்கள். அதற்குள் தூள் அடர்ந்தது. முதல் வெடிப்பின் அதிர்ச்சி, கட்டடம் முழுவதும் உத்தரங்களில் படிந்திருந்த தூளைக் கிளப்பிவிட, அடுத்தடுத்த வெடிப்புகள் தொடர்ந்தன. எனவே எதையாவது மூடுவதற்கு முன், அதற்குள் தூளோ ஆவியோ சேருமா என்று கேளுங்கள். உத்தரங்களின் மேல்பக்கத்தை வெற்றிட உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். அழுத்தக் காற்றால் ஊதினால் தூள் காற்றில் கிளம்பி நிற்கும்.

விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் புகைபோக்கியைக் குளிர்காலத்துக்கு முன் சுரண்டிச் சுத்தம் செய்யாவிட்டால், ஈர விறகின் புகையில் படியும் தார் குழாய்க்குள்ளேயே பற்றும். சாம்பலை அட்டைப் பெட்டியில் அள்ளக் கூடாது; ஆறிவிட்டதாகத் தோன்றும் சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.


கட்டுமானக் குழாய்ப் பணியாளர்:

உறைந்த குழாயைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருந்தார். அதை இளக்கச் சுடர் விடும் கேஸ் டார்ச்சைப் பிடிப்பதுதான் எங்கள் தொழிலின் குளிர்காலத் தீக்குப் பெரிய காரணம். குழாய் எங்கே போகிறது? சுவருக்குள், மரச் சட்டங்களுக்கும் காப்பு அட்டைகளுக்கும் நடுவே. சுடர் உள்ளே இருக்கும் தூசியையும் பழைய மரத்தையும் பிடித்துக்கொள்கிறது. வெளியில் ஒன்றும் தெரியாது. குழாய் இளகித் தண்ணீர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து கருவிகளை எடுத்து வைக்கும்போது சுவருக்குள் மரம் கனன்றுகொண்டிருக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுவதும், ஹேர் டிரையரைக் காட்டுவதும் மெதுவான வழிகள்தான், ஆனாலும் வேலை நடக்கும். மின் வெப்ப நாடாவைச் சுற்றுவதாக இருந்தால், தானாக வெப்பத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் வகை அல்லாத நாடா ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது; ஏறிய இடத்தில் வெப்பம் இரட்டிக்கும்.

சுடர் தவிர்க்க முடியாத வேலையாக இருந்தால், அதற்கு எழுத்து அனுமதி வேண்டும். எல்லாத் திசைகளிலும் 11 மீட்டர் தூரத்துக்குள் எரியக்கூடியவற்றை அகற்றியோ மூடியோ இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒருவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 51பி தரநிலை, 2019ஆம் ஆண்டுப் பதிப்பில், அந்தக் காவல் நேரத்தை அரை மணியிலிருந்து ஒரு மணியாக உயர்த்தியது. கனன்று பற்றும் தீ எவ்வளவு பொறுமையானது என்பதற்கு அந்த மாற்றமே சாட்சி.

எல்பிஜி சிலிண்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பியூட்டேன் 0 பாகையை ஒட்டியே கொதிப்பதால், அது அதிகம் கலந்த சிலிண்டர் கடுங்குளிரில் வாயுவைத் தராது. உடனே யாராவது சிலிண்டரின் அடியில் நெருப்பைக் காட்டவோ ஹீட்டரை அதன் பக்கம் திருப்பவோ முனைவார்கள். இதை எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. மைனஸ் 42 பாகையில் கொதிக்கும் புரோப்பேன் நிரப்பிய சிலிண்டரைக் குளிர்காலத்துக்கு வாங்குவதே சரியான வழி.


அலுவலக நிர்வாகி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சூடான அந்தப் பாக்ஸை நேற்றே அகற்றி வயரை வெட்டிவிட்டோம். ஜன்னல் இடுக்கை அடைக்கும் வேலைக்கு நிர்வாகம் ஒப்புதல் தந்திருக்கிறது. அது முடிந்த பிறகே தடை நடைமுறைக்கு வரும் என்று வரைவை மாற்றி எழுதியிருக்கிறேன். நிறுவனமே வாங்கும் ரேடியேட்டர்கள் எண்ணிடப்பட்டு, மின்பணியாளர் குறித்துக் கொடுத்த சாக்கெட்டுகளில் மட்டும் இயங்கும். ஈர உடைகளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். சார்ஜிங் அறையின் துவாரத்தில் அட்டை வைக்கப்பட்டிருந்ததும் உண்மைதான்.

இன்னும் ஒரு கேள்வி. கிடங்கின் பின்பக்க வெளியேறும் கதவின் வழியாகக் குளிர் காற்று அதிகம் வருவதால், அதற்குக் கனமான திரை போட்டு, இரவில் உள்பக்கமாகத் தாழ்ப்பாளும் இடுகிறார்கள். திரையையாவது அனுமதிக்கலாமா?


ஆலைப் பாதுகாப்பு அலுவலர்:

தாழ்ப்பாளை இன்றே கழற்றுங்கள், அம்மா. இரவுக் காவலர் ஒருவர் மட்டும் உள்ளே இருந்தாலும் அந்தக் கதவு ஒரே தள்ளலில் திறக்க வேண்டும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்ததற்குப் பூட்டிய கதவு ஒரு முக்கியக் காரணம். அங்கே பூட்டியது திருட்டுக்கு அஞ்சி, இங்கே பூட்டுவது குளிருக்கு அஞ்சி. உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றே. திரையும் வேண்டாம். அது கதவையும் வெளியேறும் குறியையும் மறைக்கும், எரியவும் செய்யும். கதவின் விளிம்புகளில் ரப்பர் பட்டையும், அடியில் தூரிகைப் பட்டையும் பொருத்தினால் காற்று பெருமளவு நிற்கும். தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதற்கென்றே தரச்சான்று பெற்ற பட்டையை வாங்குங்கள்.


ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:

அதே கதவுக்கு வெளிப்பக்கமும் போய்ப் பாருங்கள். வெளியே திறக்கும் கதவு, அடியில் உறைந்த பனியாலோ அதன்முன் குவித்த பொருட்களாலோ பாதி திறந்து நின்றுவிடும். பனி விழும் இடமாக இருந்தால், நடைபாதையைச் சுத்தம் செய்யும் ஆளின் வேலைப் பட்டியலில் அவசரக் கதவுகளின் முன்பகுதியும், தீயணைக்கத் தண்ணீர் எடுக்கும் ஹைட்ரன்டைச் சுற்றியுள்ள இடமும் இருக்க வேண்டும். முன்வாசலைச் சுத்தம் செய்துவிட்டுப் பின்வாசலை மறப்பதே வழக்கமாக இருக்கிறது.


மின் பராமரிப்பாளர்:

ரேடியேட்டர்களை எண்ணிட்டுப் பொருத்தியாயிற்று, நல்லது. கடைசியாக வெளியேறுபவர் அணைப்பார் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். குறித்துக் கொடுத்த அந்தச் சாக்கெட்டுகளைத் தனிச் சர்க்கியூட்டில் சேர்த்து, மின்பெட்டியிலேயே ஒரு டைமர் வைத்தால், வேலை நேரம் முடிந்ததும் அனைத்தும் தாமாகவே அணைந்துவிடும். ஸ்பிரிங்க்ளர் குழாய் உறையாமல் காக்கும் மைய வெப்பம் அந்த டைமரில் சேர்ந்துவிடக் கூடாது; அதை வேறு சர்க்கியூட்டில் வைத்து, மின்பெட்டியின் கதவில் எது எதற்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். முதல் வாரம் முடிந்ததும் ஒவ்வொரு பிளக்கையும் மீண்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடாக இருக்கும் பிளக் ஏதேனும் இருந்தால் சாக்கெட்டை மாற்றும்வரை அந்த ரேடியேட்டரை இயக்க வேண்டாம்.